அத்தை கேட்காத வழியனுப்பு விழா

பொன்னாடையை உறையிலிருந்து உருவும்போது ஒரு சத்தம் வரும். சரசரவென்று, காய்ந்த தைல மரத்து இலைமேல் யாரோ நடந்து வருகிற மாதிரி. போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பணி நிறைவு விழா. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார், மேலாளர் எழுந்தார், அந்தக் கண்ணாடிக் காகிதம் சரசரத்தது. அவ்வளவுதான். என் காது மடல் சுட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் இரண்டு கைகளையும் மடியில் புதைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரி குனிந்து, "என்ன, உங்களுக்கும் அவருக்கும் ஆகாதா?" என்று கேட்டாள். அவருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, நல்ல மனிதர். அந்தச் சத்தத்துக்கும் எனக்கும்தான் ஆகாது. நான்காம் வகுப்பிலிருந்தே ஆகாது.

கொடைக்கானலில் மாதா கோயில் மேட்டுக்குக் கீழே, படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தாள். மாமா மலைப்பாதையில் லாரியோடு போய்ச் சேர்ந்த பிறகு கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கு ஏறி வந்தவள். கைக்குழந்தை மீசை முளைத்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடித்துக்கொண்டான். அத்தை மட்டும் வந்த இடத்திலேயே இருந்தாள். எங்கள் வீட்டில் இருந்தாள் என்பதும் முழு உண்மையில்லை. சாப்பிடவும் படுக்கவும் வீட்டுக்கு வருவாள். மற்ற நேரமெல்லாம் மேலே, கோயிலில்.

சம்பளம் கிடையாது. யாரும் அவளை நியமிக்கவில்லை. மாதாவுக்குச் சேலை கட்டுவது அவள் வேலை என்று ஊருக்கே தெரியும், அவ்வளவுதான். எங்கள் கோயிலில் மாதா சுரூபத்துக்கு நிஜமான சேலை கட்டுவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து தருவார்கள். வேதக்காரக் கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, மேல்மலைப் பூண்டியிலிருந்து பூண்டு மூட்டையோடு சந்தைக்கு வருகிற பெண்கள் நெற்றித் திருநீறு கலையாமல் உள்ளே நுழைந்து, "தாயே, உனக்கு" என்று வைத்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பீடத்தின் குறுக்கே திரை இழுத்துவிட்டு அத்தை சேலை மாற்றுவாள். அந்த நேரத்தில் ஆண்வாடை ஆகாது. புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருமுறை தெரியாமல் திரையை விலக்கிவிட்டார். "சாமியாரா இருந்தாலும் ஆம்பளதானே? வெளிய நில்லுங்க சாமி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நின்றார்.

நான் பெண் பிள்ளை என்பதால் திரைக்குள் உட்கார அனுமதி உண்டு. அத்தை முக்காலிமேல் ஏறி நின்று மாதாவோடு மல்லுக்கட்டுவாள். "இந்தா, கொஞ்சம் ஒத்தாச பண்ணு. மரம் மாதிரி நின்னா நான் எப்படிக் கொசுவத்த வைக்கிறது?"

"மரத்துல செஞ்சதுதானே அத்தை?"

"அதுக்காக? ஒன்னையச் சதையிலதான செஞ்சிருக்கு, நீ மட்டும் சொன்ன பேச்சக் கேக்குறியா?"

மலையில் எந்தத் துணியும் நிம்மதியாக இருக்காது. பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுக்கூட ஒரு மழைக்காலத்தில் பூசணம் பூத்துவிடும். அத்தை கும்மட்டியில் கரி மூட்டி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் ஒவ்வொரு சேலையாக விரித்து ஈரம் எடுப்பாள். உறைபனி விழுகிற மார்கழியில் மாதாவின் தோளில் ஒரு கம்பளிச் சால்வையும் ஏறும். கீழ்நாட்டிலிருந்து வந்த சாமியார் இதைப் பார்த்துச் சிரித்தபோது, "நீங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கீகளே சாமி, அவ என்ன பாவம் பண்ணா?" என்று கேட்டாள். சாமியார் இரண்டு ஸ்வெட்டரையும் ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அத்தை சாதுவான பெண் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோயிலுக்குள் அரட்டை அடித்தால் துடைப்பத்தால் தரையை ஒரு தட்டுத் தட்டுவாள். பிளாஸ்டிக் பூ கொண்டுவந்தால், "இத ஒங்க வீட்டு டிவி மேல வைங்க" என்று திருப்பி அனுப்புவாள். பலருக்கு அவளிடம் பயம். சிலருக்கு எரிச்சல். அதையெல்லாம் மாதா தாங்கிக்கொண்ட மாதிரி மற்றவர்களும் தாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடத் திருவிழாவுக்கு வருகிறேன். சப்பரத்தில் ஏறுகிற மாதாவுக்கு எந்தச் சேலை என்பதில் அத்தைக்கு ஒரே ஒரு விதிதான். கொடி ஏறிய பிறகு எது முதலில் வருகிறதோ அது. அந்த வருடம் முதலில் வந்தது ஒரு சின்னாளபட்டிச் சுங்குடி. கத்திரிப்பூ நிறம், வெள்ளைப் புள்ளி. பூண்டியில் களையெடுக்கப் போகிற ஒருத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதற்கு நேர்ந்துகொண்டு வந்து கொடுத்தது. மறுநாள் லாட்ஜ்காரம்மா வந்தாள்.

ஏரிப் பக்கத்துப் பெரிய லாட்ஜ் அவர்களுடையது. அந்தம்மா கோயில் மாதர் சங்கத்துக்குத் தலைவி. அவர்களுடைய டூரிஸ்ட் வேனைத்தான் அப்பா ஓட்டினார். கையில் ஒரு பட்டு. அரக்கில் ஜரிகை. பிரித்தபோது திரைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இது ஸ்பெஷலா ஆர்டர் குடுத்து நெய்யச் சொன்னது. ப்ரொசெஷனுக்கு இதக் கட்டிருங்க."

"எட்டாம் நாளைக்குக் கட்டுறேம்மா. சப்பரத்துக்கு வேற வந்திருச்சு."

"எது, இந்தக் காட்டனா? அக்கா, டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுப்பாங்க."

"போட்டோவுக்கு நீங்க கட்டிக்கிட்டு நில்லுங்கம்மா, அம்சமா இருக்கும். மாதா வரிசப்படிதான் கட்டுவா."

லாட்ஜ்காரம்மா சிரித்தாள். பல் தெரியாமல், உதடு மட்டும் அகலமாகி. அது தோற்றுப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுங்குடியில் மாதா சப்பரம் ஏறினாள். பனிமூட்டத்துக்குள் கத்திரிப்பூ நிறம் அசைந்து அசைந்து போனதை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடியும்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டார்கள். திருப்பூரில் அத்தைக்குப் பேத்தி பிறந்திருந்தது. அன்று சாயங்காலப் பூசை முடிந்ததும் அத்தை சாமியாரிடம் போய் நின்றாள். மாதர் சங்கத்துப் பெண்களும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சாமி, மவனுக்குப் பிள்ள பொறந்திருக்கு. ஒரு வாரம் போயித் தூக்கி வச்சிருந்துட்டு ஓடியாந்துர்றேன். சனிக்கெழம மட்டும் யாராச்சும் சேலைய மாத்திவிட்டாப் போதும்."

"அதுக்கென்னக்கா, நாங்க இருக்கோம்ல" என்றாள் லாட்ஜ்காரம்மா, சாமியார் வாய் திறக்கும் முன்.

நடந்தது இவ்வளவுதான். நான் கூடவே நின்றேன், என் காது நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு, நன்மை என்கிற அப்பம் கொடுத்து முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரம். சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பல ஆண்டுகளாக நம் மாதாவுக்கு மௌனமாக ஊழியம் செய்துவந்த ஒரு சகோதரி, தன் மகனோடு நிரந்தரமாகக் குடியிருக்க நம் பங்குக் கோயிலை விட்டுச் செல்கிறார். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு அவருக்கு நன்றி சொல்லி வழியனுப்பும் விழா. இப்போது எல்லோரும் கைதட்டி நம் அன்பைக் காட்டுவோம்."

கோயிலுக்குள் கைதட்டுவது அப்போது புதுப் பழக்கம். அத்தை, "யாரு புள்ள போறா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே தானும் கைதட்டினாள். மௌனமாக என்று சொன்னதால் அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு சாமியார் பெயரைச் சொன்னார். அத்தையின் கைகள் பாதித் தட்டலில் நின்றன. ஒன்றை ஒன்று தொடாமல், நடுவில் ஒரு புறா இருக்கிற மாதிரி, அப்படியே நின்றன.

பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். குடுத்து வச்சவக அக்கா நீங்க. பேத்தியக் கொஞ்சிக்கிட்டுக் கெடங்க. இந்தக் குளிர்ல இனி ஒங்களுக்கு என்ன சோலி. ஒருத்தியாவது, ஒரே ஒருத்தியாவது, "அப்படியாக்கா? நிசமாவா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாழ்த்துவதற்கு அவ்வளவு அவசரம் அவர்களுக்கு. இத்தனை வருடம் கழித்து அவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நிறுத்தி எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கிறது.

வீட்டில் அப்பா குதித்தார். "நீ போறேன்னு சொன்னியாக்கா?"

"பாத்துட்டு வர்றேன்னேன்."

"அப்ப போயி நான் போகலன்னு சொல்லு!"

"பீடத்துல நின்னு சொல்லிப்புட்டாருடா. கோயிலே கைதட்டிருச்சு. நானும்ல சேந்து தட்டுனேன்." சொல்லிவிட்டு அத்தைக்கே சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். "சாமி, ஒரு தப்பு நடந்துபோச்சு. இல்ல, தப்புன்னு சொல்லக் கூடாது. சாமி, ஒரு சின்ன விசயம்." அலுவலக அறையில் சாமியார் எழுந்தே வந்துவிட்டார்.

"தோத்திரம் சாமி."

"வாங்கம்மா, உக்காருங்க. நானே வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்."

"சாமி, ஒரு சின்ன விசயம்..."

"தெரியும்மா. உங்க மனசு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும்."

"அது இல்ல சாமி. நான் போறதா..."

"அழாதீங்க."

அத்தை அழவில்லை. அவர் அழாதீங்க என்று சொன்ன பிறகுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவர் குரலும் தழுதழுத்துவிட்டது. "நீங்களாச் சொல்லத் தயங்குவீங்கன்னு தலைவியம்மாதான் வந்து சொன்னாங்க. 'அக்கா இங்க தனியாக் கஷ்டப்பட வேணாம் ஃபாதர், மகன்கூட நிம்மதியா இருக்கட்டும், மாதாவை நான் பாத்துக்கிறேன்'னு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. நீங்க எதுக்கும் கவலைப்பட வேணாம்." பேசிக்கொண்டே எனக்கு இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். அத்தை வாயைத் திறந்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். நீண்ட, அழகான, உருக்கமான ஜெபம். ஆமென் என்று முடித்தபோது வாசலில் வேறு யாரோ நின்றார்கள்.

வெளியே வந்ததும் பிஸ்கட்டைத் தூக்கி எறிந்தேன். "ஏன் அத்தை சொல்லல? வாய் இல்லையா ஒனக்கு?"

"வைதா திருப்பி வையலாம் புள்ள. தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்றவர என்ன பண்றது?"

அந்த வாரம் முழுக்க வீடு நிறைந்தது. காரட் மூட்டை, பூண்டு, தைல பாட்டில், குழந்தைக்குப் பின்னிய குல்லா, கால் உறை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். எப்பக் கெளம்புறீக? அத்தை முதல் இரண்டு நாள், "பாக்கலாம்" என்று சொன்னாள். பிறகு, "திங்கக்கெழம" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஏன் திங்கட்கிழமை என்று அவளுக்கே தெரியாது. கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"பிள்ளையப் பாத்துட்டு ஒரு வாரத்துல திரும்பி வந்துர வேண்டியதுதானே?" என்று நான் யோசனை சொன்னேன்.

"வந்து? இவ்வளவு பண்டத்தையும் வாங்கிக்கிட்டு, விழாவுல பிரியாணியும் தின்னுட்டு, வந்து நிக்கவா? 'என்னக்கா, வந்துட்டீக'ம்பாளுக. அதுக்கு என்ன பதில் சொல்றது?"

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் கேக்குறேன் அந்தம்மாகிட்ட. நேரா லாட்ஜுக்கே போயிக் கேக்குறேன்." ஸ்வெட்டரை மாட்டினார். கதவு வரைக்கும் போனார். அம்மா தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தைதான் அதட்டினாள். "ஏலே, வந்து சாப்புடு. வெள்ளனே எந்திரிச்சு வண்டி எடுக்கணும்ல. ஒன் சோலிய நீ பாரு." அப்பா வந்து உட்கார்ந்து, தலை நிமிராமல் தின்றார். தனக்காகச் சண்டைக்குப் போகிறவரை இப்படி விரட்டுகிறாளே என்று எனக்கு அத்தைமேல்தான் ஆத்திரம். வேன் யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த வேனில் பழனி வரை போய் வந்திருக்கிறேன். ஆனாலும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், விட்டுவிட்டால் நியாயமில்லை. அத்தை கோயிலில் இருந்த ஒரு மத்தியானம் அவளுடைய மூலையை அம்மா கூட்டிப் பெருக்கினாள். டிரங்குப் பெட்டியை நகர்த்தி, கையை விரித்துச் சாண் போட்டாள். "இங்க ஒரு மேசை கொள்ளும். நீயும் தம்பியும் படிக்கலாம்" என்றாள் என்னிடம், மெதுவாக. சொன்ன கையோடு அழுதாள். இரண்டும் நிஜம். அழுகையும் நிஜம், சாணும் நிஜம்.

ஞாயிறு வந்தது. கோயில் பக்கத்து மண்டபத்தில் துணி பேனர். நடுவில் அத்தையின் படம் வைக்க வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். ஒரு படம்கூட இல்லை. எத்தனை திருவிழாப் புகைப்படம், எத்தனை கல்யாணம், எதிலும் இல்லை. எல்லாப் படத்திலும் சேலை இருந்தது, கட்டியவள் திரைக்குப் பின்னால் இருந்தாள். கடைசியில் காலண்டரிலிருந்து ஒரு மாதா படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தப் படத்துக்குக் கீழே அத்தையின் பெயர். அவள் அதை அண்ணாந்து பார்த்து, "நல்லவேள, இவ என்னையவிடக் கொஞ்சம் செவப்பு" என்றாள்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். மெழுகுவர்த்தி என்றார்கள். மறைந்திருக்கும் மலர் என்றார்கள். பாடகர் குழுத் தலைவர், அத்தை ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை என்றார். அவரை அத்தை போன மாதம்தான் ஆர்மோனியப் பெட்டிமேல் டீ டம்ளர் வைத்ததற்காகக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள். நான் இருந்த இடத்திலிருந்து பல்லைக் கடித்தேன். இவர்கள் யாரை வழியனுப்புகிறார்கள்? எங்கள் வீட்டில் இருக்கிற ஆள் இது இல்லையே. வாயும் வம்பும் விதியும் உள்ள ஒருத்தியைக் கழுவித் துடைத்து, பொம்மையாக்கி, அந்தப் பொம்மைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக லாட்ஜ்காரம்மா. பேச எழுந்தவள் பேச முடியாமல் நின்றாள். கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. "அக்கா எனக்கு ஒரு ஸ்பிரிச்சுவல் மதர்" என்றாள். மண்டபம் மூக்கைச் சிந்தியது. உறையைப் பிரித்தாள். சரசர. பொன்னாடையை உதறி விரித்து அத்தையின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள், இரண்டு முனையையும் முன்னால் இழுத்துச் சேர்த்து, ஒரு கட்டுக் கட்டுகிற மாதிரி. அத்தை அசையாமல் நின்றாள். சேலை கட்டுகிறவளுக்கு வேறொருத்தி துணி சுற்றுகிறாள். யாருக்கும் அது வினோதமாகத் தெரியவில்லை.

"அக்கா ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்கள். மைக் அத்தையின் கைக்கு வந்தது. இதோ, இப்போது. இனி யாரும் குறுக்கே பேச முடியாது. மைக் அவளிடம்தான் இருக்கிறது.

அத்தை மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "நான் போறேன்னு சொல்லவே இல்லீங்களே" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். ஒலிபெருக்கி அதைக் கோயில் மேடு முழுக்கக் கேட்கும்படி சொன்னது. பிறகு முன்வரிசைப் பெண்களிடமிருந்து "ஐயோ" என்று ஒரு பெருமூச்சு கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது. முந்தானைகள் கண்ணுக்குப் போயின. "பாவம், விட்டுட்டுப் போக மனசு வரல பாரேன்" என்றாள் எனக்கு முன்னாலிருந்தவள். கைதட்டல் மழை மாதிரி விழுந்தது. அத்தை இன்னும் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. கைதட்டல் ஓயட்டும் என்று காத்துப் பார்த்தாள். அது ஓயவில்லை, பாட்டாக மாறிவிட்டது. மைக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான் பெஞ்சுமேல் ஏறிவிட்டேன். "அத்தை போகல! அவங்க போகலையாம்! அவங்க சொல்றது யாருக்கும் கேக்கலையா?" தொண்டை கிழியக் கத்தினேன். பாட்டு நின்றுவிட்டது. எல்லா முகமும் திரும்பியது. அம்மா தொடையில் கிள்ளினாள். நான் இறங்கவில்லை. "அந்தம்மாதான் பொய் சொன்னாங்க!" என்று கையை நீட்டினேன்.

என்ன நடந்தது தெரியுமா? சாமியார் எழுந்து வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். "அத்தைமேல இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம்!" என்று மைக்கில் சொன்னார். மறுபடியும் கைதட்டல். லாட்ஜ்காரம்மா என் கன்னத்தைத் தடவி, கோபமே இல்லாமல், ஈரக் கண்ணோடு, என் வாயில் ஒரு லட்டைத் திணித்தாள். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன். வாய் நிறைய இனிப்போடு எப்படிக் கத்துவது? அவளுடைய மோதிர விரல் என் உதட்டில் பட்டது இன்றைக்கும் அருவருக்கிறது. அப்பா மண்டபத்தின் கடைசியில், கதவை ஒட்டி, டிரைவர்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரிகளை எனக்குப் பிறகு நிறையத் தெரியும். திட்டியவர்கள், தடுத்தவர்கள், முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்கள். அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், சிலரோடு சமாதானமும் ஆகியிருக்கிறேன். அன்றைக்கு மண்டபத்திலிருந்த அந்த நல்லவர்களைத்தான் மன்னிக்க வரவில்லை. ஒருவர்கூடக் கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒருவர்கூட அவளைப் போ என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். லாட்ஜ்காரம்மா வேனை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். அத்தை ஒரே வார்த்தையில் வேண்டாமென்று விட்டாள். அப்பா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா தம்பிக்குச் சளி என்று வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பூண்டை எதில் கட்டுவது என்று தேடிய அத்தை, கடைசியில் பொன்னாடையை விரித்து அதில் கொட்டி மூட்டையாக முடிந்திருந்தாள். ஜரிகைக்குள்ளிருந்து பூண்டு நாறியது. எதிரே வந்த ஒன்றிரண்டு பேர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த ஒன்று மட்டும் பிடித்திருந்தது.

ஆனால் அவளோடு பேச மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். சண்டை போடாமல் போகிறாள், எல்லோரையும் அதட்டுகிறவள் தனக்காக ஒரு தட்டுத் தட்டாமல் போகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தை அதைக் கண்டுகொள்ளாமல், குளிருக்கு என் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டாள். நான் மேலே தூக்கிவிட்டேன். மறுபடி இழுத்துவிட்டாள்.

பழனி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பெட்டி மேலே ஏறியது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை விலக்கினாள். கண்டக்டர் விசில் ஊதினார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார், மறுபடி எடுத்தார். பஸ் பின்னால் நகரத் தொடங்கியது. அவரும் கம்பியை விடாமல் கூடவே நடந்தார். அந்த ஒரு வாரத்தில் யாரும் சொல்லாததை அப்போதுதான், வண்டி நகர்ந்த பிறகு, அப்பா சொன்னார்.

"அக்கா, எறங்கிருக்கா. போகாத. எறங்கிரு."

அத்தை அவர் விரல்களின்மேல் தன் கையை வைத்தாள். அவள் சொன்ன பதில் எனக்கு அன்று விளங்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீடு ஒரு ஏற்றம்தான். ஒரு வளைவு திரும்பினால் கோயில் கோபுரம் தெரியும். வழி அவளுக்குத் தெரியாதா என்ன? ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று, கோபத்தையும் மறந்து, நான் அவள் முகத்தையே பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"எறங்கி எங்கடா போறது?"